பேரிக்காய் உதிரி

முன்னால இருந்த பொண்ணு ஏன் காலி பண்ணிட்டுப் போச்சுன்னுதானே கேக்குற? கேளும்மா, கேக்க வேண்டியதுதான். வீடு பாக்க வர்றவுக எல்லாரும் அதைத்தான் கேக்குறாக. நீ தண்ணியையும் மோட்டாரையும் கேட்டு முடிச்சுட்டு, மாடிப்படி இறங்கையில மெதுவாக் கேட்ட பாரு, அதுலயே தெரிஞ்சுபோச்சு, எதிர்வீட்டுச் செண்பகம் உன்னை வாசல்லயே நிறுத்திப் பேசிட்டான்னு.

உக்காரு தாயி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி உக்காரு. செண்பகம் என்ன சொன்னான்னு நான் கேக்க மாட்டேன். அவ பொய் சொல்றவ இல்ல. பாத்ததைத்தான் சொல்லுவா. ஆனா பாத்ததோட நிறுத்திக்கிடுவா, அதுதான் வினை. அதனால நானே சொல்லிருறேன். கேட்டுட்டு வீடு வேணுமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணிக்க.

மொதல்ல எங்க வீட்டு அவுகளைப் பத்திச் சொல்லணும். பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்தவுக. இப்ப ரிட்டயர்டு. நீ கோவில்பட்டிக்குப் புதுசு, உனக்குத் தெரியாது. ஸ்டாண்டுக்குள்ள நின்னு டைம்கீப்பர் அண்ணாச்சி வீடுன்னு சொன்னா, ஆட்டோக்காரன் மறுபேச்சுக் கேக்காம இந்த வாசல்ல கொண்டாந்து விட்டுருவான். மைக்கைப் பிடிச்சு, "மதுரை செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது"ன்னு அவுக சொன்னா, ஓடுற ஆளு நின்னு கேக்கும். அப்படி ஒரு தொண்டை.

தொண்டை மட்டுமில்ல, நாக்கும் அப்படித்தான். இனிப்புன்னா உசுரு. நம்ம ஊரு எப்படிப்பட்ட ஊரு, கடலை மிட்டாய் ஊரு. எந்தத் தெருவுல கால் வச்சாலும் பாகு காய்ச்சுற வாசனை. ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி வந்தா டிரைவரு பால்கோவா கொண்டாருவாரு. திருநெல்வேலி வண்டி வந்தா அல்வா. இனிப்புக்கடைக்குள்ள உத்தியோகம் பாத்த மாதிரிதான் வச்சுக்கயேன். ரிட்டயர்டு ஆன மறு வருசமே நெஞ்சுவலி வந்துருச்சு. மதுரைக்குக் கொண்டு போயி அடைப்பு எடுத்தோம். அப்பத்தான் சொன்னாக, சக்கரையும் எக்கச்சக்கமா இருக்குன்னு.

அங்க பெரிய டாக்டரு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இனி அவர் உயிரு உங்க கையிலதாம்மா இருக்கு"ன்னாரு. எல்லா டாக்டரும் எல்லாப் பொண்டாட்டிமாருகிட்டயும் சொல்றதுதான் போலருக்கு. எனக்கு அது தெரியுமா? நான் அந்தப் பேச்சை அப்படியே பிடிச்சுக்கிட்டேன். சீனி கூடாது, நெய் கூடாது, வெண்ணெய் கூடாது, பேக்கரிப் பக்கமே திரும்பக் கூடாது.

வந்த அன்னைக்கே சீனி டப்பாவைத் தூக்கிச் செண்பகத்துக்குக் கொடுத்துட்டேன். ஸ்டாண்டுல ஒரு கடை விடாமப் போயி, "அண்ணாச்சி வந்து கேட்டா கொடுத்துறாதீக, கொடுத்தா அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்"னு சொல்லிட்டு வந்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தா, கேசரி வாளி அந்தக் கடைசியில வரும்போதே நான் இங்கேருந்து சத்தம் போட்டுருவேன். "தம்பி, இவுகளுக்கு இனிப்பு வைக்காத, சக்கரை வியாதி!" சத்தமாச் சொன்னாத்தானே பரிமாறுறவனுக்குக் கேக்கும்? பக்கத்து இலையில இருக்கிறவுக திரும்பிப் பாப்பாக. பாக்கட்டுமே, எனக்கென்ன. அவுக பாட்டுக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சாம்பாரைப் பெசஞ்சுக்கிட்டு இருப்பாக. ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டாக. அப்படி ஒரு நல்ல மனுசன்.

வெளிய போயிட்டு வந்தா வாசல்லயே நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி மோந்து பாத்துருவேன். சிரிக்காத. கடலை மிட்டாய் தொட்ட கை எனக்குத் தெரியும். ஏலக்காயும் வெல்லமும் எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணுல நிக்கும். ஒரு பொம்பளை இதுக்கு மேல என்ன பண்ண முடியும், நீயே சொல்லு.

அம்புட்டுப் பண்ணியும் என்னைத் தலைகுனிய வச்சாகளே, அதுதான் தாங்க முடியல. எங்க நாத்தனா பேத்திக்குப் பிறந்தநாள். கேக்கு வெட்டினாக. இவுக ஓரமா, சாதுவா நின்னாக. நானும் நிம்மதியா இருந்தேன். கெளம்புற நேரத்துல நாத்தனா மருமக, "மாமா, சட்டையில என்ன?"ன்னு கேக்கா. பாத்தா, சட்டைப்பையிலேருந்து ரோஸ் கலர்ல கிரீம் வடியுது. ஒரு துண்டு கேக்கை கைக்குட்டையில பொதிஞ்சு பையில வச்சிருக்காக! கூடத்துல இருந்த அத்தனை பேரும் சிரிச்சாக. சின்னப் பிள்ளைகள்லாம் கையைக் கொட்டிச் சிரிக்குது. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பேச்சையே விட்டுட்டேன். நாலஞ்சு நாளு சோத்தை மட்டும் போட்டு வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவேன்.

அந்தச் சமயத்துலதான் மேல் வீட்டுக்கு அந்தப் பொண்ணு வந்துச்சு. கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். இங்க இஞ்சினியரிங் காலேசுல டீச்சரு. பேரு தேன்மொழி. பேருலதான் தேனு, தேனைத் தொடாது. பாலு, தயிரு, நெய், முட்டை எதுவும் ஆகாது. கறி மீனைப் பத்திப் பேச்சே இல்ல. வீகனாம். மாட்டுக்கிட்டேருந்தும் தேனீக்கிட்டேருந்தும் நாம ஏன் பிடுங்கணும்னு கேட்டுச்சு.

குடி வர்ற அன்னைக்குப் பாலு காய்ச்சணுமில்ல? நான் பாக்கெட்டுப் பாலு வாங்கி வச்சுக்கிட்டு நிக்கேன். "ஏனுங்கம்மா, தேங்காய்ப்பால் காய்ச்சிக்கட்டுங்களா?"ங்குது. எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் பயம், வீட்டுக்கு ஆகுமான்னு. அவுகதான், "ஏளா, பொங்குனாச் சரிதான, எந்தப் பாலா இருந்தா என்ன"ன்னாக. தேங்காய்ப்பாலும் பொங்குச்சு, பொங்குன கையோட திரிஞ்சும் போச்சு. அந்தப் பொண்ணு ஒண்ணும் நெனைக்கல. ஊத்திக் கொடுத்துச்சு, குடிச்சோம்.

அப்ப பேரிக்காய் சீசன். மார்க்கெட்டுல கொடைக்கானல் பேரிக்காய் வந்து குமிஞ்சு கெடக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை தேனு ஒரு கண்ணாடித் தட்டை ஏந்திக்கிட்டுக் கீழ வந்துச்சு. நான் தேனுன்னுதான் கூப்பிடுவேன். பேரிக்காயைத் தோலோட சன்னமா அரிஞ்சு அடியில பரத்தி, பட்டைத்தூளு தூவி, அதுக்கு மேல ஓட்ஸும் வறுத்த நிலக்கடலைப் பொடியும், ஊறவச்சு அரைச்ச பேரீச்சம்பழமும், கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் விட்டுப் பிசிறிப் போட்டு, அதுகிட்ட இருந்த ஓவன்ல வேக வச்சிருக்கு. மேல மொறுமொறுன்னு இருக்கு. கீழ பழம் கொழைஞ்சு, ஓரத்துல சாறு கொதிச்சு ஒட்டிக்கிட்டு நிக்குது. சீனி இல்ல, மைதா இல்ல, வெண்ணெய் இல்ல, பாலு இல்ல. கிரம்பிள்னு சொல்லுச்சு. எனக்கு வாயில நொழையல. உதிரி உதிரியா இருந்ததால பேரிக்காய் உதிரின்னு நானே பேரு வச்சுட்டேன்.

அவுக ஒரு வாய் வச்சாக. கண்ணை மூடிக்கிட்டாக. அப்படியே உக்காந்திருந்தாக. அப்புறம், "ஏளா, இது இனிக்குதுளா"ன்னாக.

நான் சும்மா இருப்பேனா? தட்டைப் பிடுங்கி வச்சுட்டேன். மறுநாள் ஒரு டப்பாவுல போட்டு நம்ம ஊரு டாக்டருகிட்டயே கொண்டு போயிக் காட்டிட்டேன். அவரு ஒரு துண்டு தின்னு பாத்துட்டு, "பழத்துலயும் சக்கரை இருக்கும்மா, சின்னத் துண்டா எப்பவாச்சும் கொடுங்க, தப்பில்ல"ன்னாரு.

சின்னத் துண்டு, எப்பவாச்சும். நான் யோசிச்சேன். பேரீச்சம்பழத்தை எடுத்துட்டா பெரிய துண்டாவே கொடுக்கலாமில்ல? எண்ணெய் எதுக்கு? கடலையும் கொழுப்புதான், அது எதுக்கு? தேனுகிட்டக் கேட்டு அதோட ஓவன்லயே செய்யப் படிச்சுக்கிட்டேன். ஆனா என் முறையில செஞ்சேன். பேரிக்காய், ஓட்ஸ், தண்ணி. வேற ஒண்ணும் கெடையாது. தேனு சொல்லிப் பாத்துச்சு, "ஏனுங்கம்மா, கொஞ்சூண்டு பேரீச்சை இருந்தாத்தானுங்க வாயில வைக்க முடியும்." நான் கேக்கல. நீ சின்னப் பொண்ணு, உனக்கு வியாதியப் பத்தி என்ன தெரியும்னுட்டேன்.

தெனமும் சாயங்காலம் ஒரு துண்டு. தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நிப்பேன். "எப்படி இருக்கு?"ன்னு கேப்பேன். "நல்லாருக்கு"ம்பாக. ஒரு நாளு கூடக் கொறை சொன்னதில்ல. சில நாளு, வேப்பமரத்தடியில காத்தாட உக்காந்து திங்கிறேன்னு தட்டைத் தூக்கிட்டுப் போவாக. அங்கன இருக்கிற அணிலெல்லாம் அந்த மாசத்துல கொழுத்துப் போயி ஓட முடியாம ஓடுச்சு. செண்பகம் கூடக் கேட்டா. அணிலு திங்கிதுன்னா எவ்வளவு நல்ல பண்டம்னு பாத்துக்கன்னு நான் பெருமையாச் சொன்னேன்.

அடுத்த தடவை ரத்தம் எடுத்துப் பாத்தப்ப சக்கரை நல்லாவே எறங்கியிருந்துச்சு. டாக்டரு கை கொடுத்தாரு. எனக்குக் கால் தரையில பாவல. தெருவுல, கோயில்ல, மகளிர் குழுவுல எல்லாருகிட்டயும் என் உதிரியப் பத்தித்தான் பேச்சு. நாலு பேரு செய்முறை கேட்டு எழுதிக்கிட்டுக் கூடப் போனாக. செஞ்சாகளான்னு தெரியல.

இப்படி இருக்கையில ஒரு நாளு செண்பகம் வந்தா. "யக்கா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. சனிக்கிழமை மத்தியானம் நீ குழுக் கூட்டத்துக்குன்னு அந்தப் பக்கம் போற, அண்ணாச்சி இந்தப் பக்கம் மாடி ஏறிருறாரு. அந்தப் பொண்ணுக்கு அன்னைக்கு லீவு. சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேக்குது. எனக்கு மட்டும் கேட்டாப் பரவாயில்ல. தெருவே கேக்குது."

அவ என்னத்த நெனச்சுச் சொன்னான்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்? நாலு தெருவுக்கு இது போயிருக்கும்னு நெனைக்கவும் ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. ஆனா நான் அந்தத் தப்பை நெனைக்கல தாயி. சத்தியமா நெனைக்கல. அந்தப் பொண்ணு எங்க மக வயசு. என் மனசுல வந்தது சீனி. மேல எனக்குத் தெரியாமச் சீனி வச்சுத் திங்காகன்னுதான் வந்துச்சு. அந்தச் சனிக்கிழமை குழுவுக்குப் போற மாதிரி கெளம்பி, முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். செண்பகம் வாசல்லயே நின்னா. அவளுக்கு ஒரு நெனப்பு, எனக்கு ஒரு நெனப்பு. ரெண்டு பேரும் ஒண்ணா மாடி ஏறுனோம்.

கதவு தொறந்துதான் கெடந்துச்சு. சாத்தக் கூட இல்ல.

அடுக்களையில ஓவனுக்கு முன்னால பிளாஸ்டிக் நாற்காலியப் போட்டு அவுக உக்காந்திருக்காக. தோள்ல துண்டு. மடியில பேரிக்காய்த் தோலு. கரண்டியை மைக்கு மாதிரி வாய்க்கு நேரா பிடிச்சுக்கிட்டு, பழைய கொரலுல சொல்றாக: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கொடைக்கானலிலிருந்து வந்துள்ள பேரிக்காய் இன்னும் சற்று நேரத்தில் வெந்து புறப்படும். தட்டு வைத்திருப்போர் வரிசையில் வரவும்." தேனு சொவத்தைப் பிடிச்சுக்கிட்டு வயித்தைப் பிடிச்சுச் சிரிக்குது. அவுகளும் சிரிக்காக. அந்தக் கொரலை நான் கேட்டே எவ்வளவு காலமாச்சு. ரிட்டயர்டு ஆனதோட அது போயிருச்சுன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்பத் திரும்பி என்னைப் பாத்தாக.

நான் ஒண்ணும் கேக்கல. கேளு தாயி, நான் வாயைத் தொறக்கக் கூட இல்ல. செண்பகம் என் பின்னால நிக்கா, அந்தப் பொண்ணு முன்னால நிக்குது. அவுக எந்திரிச்சாக. கரண்டியைக் கீழ வச்சாக. ரெண்டு கையையும் துண்டுல தொடைச்சுட்டு, முன்னால நீட்டிட்டாக. உள்ளங்கை மேல பாத்து.

நான் என்ன பண்ணியிருக்கணும்? இப்பக் கேட்டா நூறு சொல்லுவேன். சிரிச்சிருக்கலாம். என்ன அதுன்னு ஓவனை எட்டிப் பாத்திருக்கலாம். அந்தக் கையை அப்படியே பிடிச்சுக் கீழ எறக்கியிருக்கலாம்.

நான் குனிஞ்சு மோந்து பாத்தேன்மா.

பேரிக்காய் வாசனை. பட்டை வாசனை. வேற ஒண்ணும் இல்ல. நிமிந்து, "சரி"ன்னேன்.

அந்தச் சரியைத்தான் இன்னைக்கு வரைக்கும் என்னால முழுங்க முடியல.

தேனு அந்தப் பக்கம் திரும்பிக் குழாயைத் தொறந்து, கழுவுன கிண்ணத்தையே திரும்பக் கழுவிக்கிட்டு நிக்குது. செண்பகம் என்னத்தையோ பாக்க வந்தவ, இதைப் பாத்துட்டு, "அய்யோ, என்னக்கா இது"ன்னு ரொம்ப மெதுவாச் சொன்னா. சொல்லிட்டு, சேலையை வாயில வச்சுக்கிட்டுப் படி எறங்கிப் போயிட்டா. அவ பேச்சு அடங்கிப் பாத்தது அன்னைக்கு ஒரு நாளுதான். ஓவன்ல மணி அடிச்சுச்சு. யாரும் நகரல. அவுகதான், "எடுத்துரு தேனு, கருகிரும்"னு சொல்லிட்டு, என்னைத் தாண்டிக் கீழ எறங்கிப் போனாக. கையி அப்பவும் கொஞ்சம் நீட்டுன மாதிரியேதான் இருந்துச்சு.

சாயங்காலம் தேனு தட்டோட வந்துச்சு. அவுக வேப்பமரத்தடியில இருந்தாக. நானும் அதுவும் இந்தக் கூடத்துலதான் உக்காந்தோம்.

"அம்மா, அப்பா தப்பா எதுவும் சாப்பிடலைங்க. ரெண்டு மாசமா ஸ்டாண்டுல கடலை மிட்டாயைத் தொட்டதே இல்லைங்க"ன்னுச்சு.

நான் உடனே கேட்டேன், "ரெண்டு மாசமாவா? அப்ப அதுக்கு முந்தி?"

பாத்துக்க. அந்த நேரத்துலயும் எனக்கு அதுதான் கேக்கத் தோணுச்சு.

அந்தப் பொண்ணு தட்டை நடுவுல வச்சுச்சு. அப்புறம் சொல்லுச்சு. அது காலையில காலேசு பஸ்சுக்கு ஸ்டாண்டுலதான் நிக்கும். வந்த புதுசுல தெனமும் பாக்குமாம். கடைக்காரங்க எல்லாம் அவுக கூட வருசக்கணக்காப் பழகுனவுக. நான் போயிச் சொல்லிட்டு வந்ததும், பாவம் யாரைச் சேந்தாலும் சரின்னு, அண்ணாச்சி பாவம்னு, கடைக்குப் பின்னால கூப்பிட்டுக் கொடுத்திருக்காக. "தார்ப்பாய் மறைவுல நின்னு அவசர அவசரமா முழுங்குவாருங்கம்மா. ருசிச்சுக் கூடச் சாப்பிட மாட்டாருங்க. அப்புறம் குழாயடிக்குப் போயி, பையிலேருந்து ஒரு சின்ன சோப்பை எடுத்து, கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவாருங்க. நகத்துக்குள்ள எல்லாம். கழுவிட்டு அவரே மோந்து பாத்துக்குவாருங்க. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. அதனாலதான் நானே கூப்பிட்டேன், வாங்கப்பா, ஒளிஞ்சு சாப்பிட வேண்டாம், நீங்களே செஞ்சு உக்காந்து சாப்பிடுங்கன்னு."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே"ன்னேன்.

"சொல்லலாமுங்களேன்னுதான் நானும் கேட்டேன். நல்லா வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னாருங்க. ஒரு தடவையாச்சும் நானாக் கொண்டு போயி அவளுக்குக் கொடுக்கணும்னாருங்க. இன்னைக்குச் செஞ்சது உங்களுக்குத்தானுங்க."

தட்டு நடுவுல இருக்கு. நல்ல பதம். ஓரம் செவந்து, மேல கடலைப் பொடி பூத்து நிக்குது. நான் தொடல. எனக்கு அந்த நேரத்துல என்ன ஓடுச்சு தெரியுமா? ஸ்டாண்டு பூரா இதைப் பாத்திருக்கு. டிரைவரு, கண்டக்டரு, பழக்கடைக்காரி, காலேசுப் பிள்ளைகள் எல்லாரும் பாத்திருக்காக. மைக்குல பேசுன மனுசன் குழாயடியில நின்னு கையை மோந்து பாக்குறதை. எனக்கு மட்டும்தான் தெரியல. சக்கரை எறங்குனதுக்கு நான் தெருத்தெருவாப் பெருமை பேசினேன் பாரு, என் உதிரியால எறங்குச்சுன்னு. கேட்டவுகளுக்குள்ள எத்தனை பேரு மனசுக்குள்ள சிரிச்சாகளோ.

இப்ப நான் ஸ்டாண்டு வழியாப் போறதே இல்ல. மார்க்கெட்டுக்கே சுத்திக்கிட்டுத்தான் போறேன்.

மறுநாள் காலையில அவுககிட்டப் பேச்சுக் கொடுத்துப் பாத்தேன். உங்க உசுருக்காகத்தானே பண்ணேன், எனக்கென்ன வேண்டுதலான்னு கேட்டேன். அவுக செருப்பை மாட்டிக்கிட்டு இருந்தாக. நிமிரல. "எனக்குச் சாகப் பயமில்லைன்னு நெனச்சியா? உன்னைவிட எனக்குத்தாம்ளா பயம். நீ ஒரு நாளும் அதைக் கேக்கலையே, கையைத்தான கேட்ட"ன்னாக. கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நானும் நாலு பேசியிருப்பேன்.

தேனு கார்த்திகையில காலி பண்ணிட்டுப் போயிருச்சு. ஈரோட்டுப் பக்கம் ஒரு காலேசுல எடம் கெடைச்சிருக்கு, அம்மா அங்க தனியா இருக்காகன்னு சொல்லுச்சு. அதுதான் காரணம். உன்கிட்டயும் அதைத்தான் சொல்றேன். பாதிப் படிப்புல பிள்ளைகளை விட்டுட்டு ஏன் போகணும்னு செண்பகம் கேக்கா. அந்த மத்தியானத்துக்குப் பெறகு அது என் மூஞ்சியப் பாத்துப் பேசத் தயங்குனது வாஸ்தவந்தான். நானும் அது வந்தா உள்ள போயிருவேன். அதனாலதான் போச்சா, வேலைக்காகப் போச்சான்னு கேட்டுரலாம்னு ரெண்டு மூணு தடவை போனை எடுத்தேன். எடுத்த போனை வச்சுட்டேன். போகும்போது ஓவனை அவுககிட்டக் கொடுத்துட்டுப் போச்சு. "அப்பா, விட்டுறாதீங்க"ன்னு மட்டும் சொல்லுச்சு. என்கிட்ட, "வர்றேனுங்கம்மா"ன்னுச்சு.

அவுக விடல. இப்ப நம்ம அடுக்களையிலயே செய்றாக. பேரிக்காய் சீசன் முடியவும் கொய்யாவுல செஞ்சாக, வாழைப்பழத்துல செஞ்சாக, போன வாரம் அன்னாசி. பேரீச்சை போடுறாக, அளவாத்தான். டாக்டரு சரிங்காரு. நான் அடுக்களைக்குள்ள எட்டிப் பாக்குறதில்ல. கையைக் கேக்குறதில்ல. பந்தியில வாயைத் தொறக்குறதில்ல. எல்லாத்தையும் விட்டுட்டேன் தாயி.

விட்டு என்ன பண்ண. தட்டுல வச்சுக் கொண்டாந்து கொடுப்பாக. நல்லாத்தான் இருக்கும். நெசமாவே நல்லாருக்கும், நான் செஞ்ச மாதிரி வைக்கோலு இல்ல. வாயில வச்சுட்டு, "நல்லாருக்கு"ங்கேன். உடனே அவுக மொகம் மாறிரும். "பேரீச்சை கொஞ்சந்தான் போட்டேன். எண்ணெய் ரொம்ப விடல. கடலையும் கம்மிதான்"னு ஒண்ணொண்ணாச் சொல்ல ஆரம்பிச்சுருவாக. நான் அதைக் கேக்கலையே, நல்லாருக்குன்னுதான சொன்னேன்னு சொல்லுவேன். "சரி சரி"ம்பாக. அப்புறமும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பாக, அடுத்து என்ன கேக்கப் போறேன்னு. எத்தனை விதமாச் சொல்லிப் பாத்துட்டேன். நான் சொன்னா அவுக நம்ப மாட்டேங்காக.

வாசனை வருதா? இன்னைக்கு மாதுளையும் ஆப்பிளும்னு காலையிலேருந்து உள்ளதான் இருக்காக. மேல் வீடு பாக்க ஆளு வந்திருக்குன்னு சொன்னதும் ஒரு தட்டு கூட எடுத்து வச்சாக, பாத்தேன். இந்தா, அடுப்படிக் கதவு தொறக்குது.

வீடு வேணுமா வேண்டாமா, அதை அப்புறம் சொல்லு. இப்ப ஒண்ணு பண்ணு தாயி. கொடுத்தா வாங்கிச் சாப்பிடு. பிடிச்சிருந்தா, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லிரு. நீ வெளியாளு, நீ சொன்னா நம்புவாக.

நான் பின்கட்டுக்குப் போயிருறேன். நான் இங்க உக்காந்திருந்தா, நீ சொல்லும்போது அவுக என்னைத்தான் பாப்பாக.